இன்குபேட்டர் ஓரம் ஒரு தாலாட்டு

வணக்கம். நான் தாராவியில் வளர்ந்தவள், 19 வருடமாக மும்பையில் என்.ஐ.சி.யு., அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அந்தக் குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

போன மழைக்காலத்தில் எங்கள் வார்டுக்கு ஒரு பெண் குழந்தை வந்தது. 30 வாரத்தில் பிறந்தது, எடை ஒரு கிலோ 200 கிராம். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி மும்பைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இந்தி பாதிதான் புரியும். தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருப்பாள். "பாடும்மா" என்றேன். "சுத்தி எல்லாரும் இருக்காங்களேக்கா, எனக்குப் பாடவும் வராது" என்றாள். "சரி, பாட வேண்டாம், ஆராரோன்னு மட்டும் சொல்லு, பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கக் கூடாது" என்றேன். கையை உள்ளே விட்டு, ஒரு உள்ளங்கையைத் தலையிலும் இன்னொன்றைப் பாதத்திலும் வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். மானிட்டரில் 170ஐத் தொட்டுத் தொட்டு ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு மெல்ல 150க்கு இறங்கியது, சுருங்கியிருந்த நெற்றி விரிந்தது, அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்தபடியே அது தூங்கிப்போனது.

24, 25 வார வாக்கிலேயே சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். வயிற்றுக்குள் எல்லாச் சத்தமும் நீரில் அமுங்கித்தான் வரும், அம்மாவின் நெஞ்சுத் துடிப்பும் குரலும் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். முன்கூட்டியே பிறந்த குழந்தை அங்கிருந்து நேராக அலாரமும் ஆக்சிஜன் இரைச்சலும் நிறைந்த அறைக்கு வந்து விழுகிறது. குழந்தைகள் இருக்கும் அறையில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 1997லேயே சொல்லிவிட்டது, ஆனால் இன்குபேட்டர் கதவைப் படக்கென்று சாத்தினாலே அதற்கு மேல் போய்விடும். குறைமாதக் குழந்தையின் மூளை வளர்வது பெரும்பாலும் தூக்கத்தில்தான். அதனால் பாட்டுக்கு முன்னால் அமைதி வேண்டும். கதவைக் கையால் தாங்கி மூடுங்கள், இன்குபேட்டர் மேல் பால் பாட்டிலை வைக்காதீர்கள், கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீர்கள்.

அப்புறம் பாட்டு. 2013இல் அமெரிக்காவில் ஜோவான் லோவி என்ற இசை சிகிச்சையாளரும் அவரோடு இருந்தவர்களும் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் மூன்று விதமான ஓசைகளைச் செய்து பார்த்தார்கள். உள்ளே சிறு உலோகமணிகள் உருளும் வட்டத் தட்டு ஒன்று, மெதுவாகச் சாய்த்தால் கருப்பைக்குள் கேட்பதுபோல உஸ்ஸென்று அலையடிக்கும். நெஞ்சுத் துடிப்பைப் போல விரலால் தட்டும் மரப்பெட்டி ஒன்று. மூன்றாவது, பெற்றோர் தேர்ந்தெடுத்த தாலாட்டு. மூன்றிலுமே இதயத் துடிப்பு நிதானப்பட்டது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, எதுவுமே ரெக்கார்டு கிடையாது, குழந்தையின் மூச்சைப் பார்த்துப் பார்த்து நேரில் வாசித்தது, நேரில் பாடியது.

ஜெனீவாவில் இசையமைப்பாளர் ஆண்ட்ரியாஸ் வோலன்வைடர் இந்தக் குழந்தைகளுக்கென்றே ஒவ்வொன்றும் எட்டு நிமிடம் ஓடும் இசைத் துண்டுகளை அமைத்துக் கொடுத்தார். எந்தக் கருவிக்குக் குழந்தைகள் அதிகம் அசைந்து கொடுக்கின்றன என்று பார்த்தபோது முன்னால் வந்தது நம் பாம்பாட்டி ஊதும் மகுடி! அந்த இசையைக் கேட்ட குழந்தைகளின் மூளை இணைப்புகள் நிறைமாதக் குழந்தைகளுக்கு நெருக்கமாக வளர்ந்திருந்ததை 2019இல் வெளியிட்டார்கள்.

அதைக் கேட்டுவிட்டு ஃபோனில் பாட்டு போட்டு இன்குபேட்டருக்குள் வைத்துவிடாதீர்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் சத்தம் மோதி எதிரொலிக்கும், குழந்தைக்குப் போதும் என்றானபோது ஃபோனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். விரல்களை விரித்து நீட்டினால், விக்கினால், முகத்தைத் திருப்பினால், நிறம் மாறினால் அந்த நொடியே பாட்டை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் தாலாட்டு. ராகம், தாளம் எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. அப்பாக்களும் பாடலாம், கங்காரு பராமரிப்பில் குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து அவர்கள் முனகும்போது அந்த அதிர்வே குழந்தைக்குப் போய்ச் சேரும்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் பகுதிகளில் பெரிய பாடு. ஒரே அறை, டிவி, மிக்ஸி, குக்கர் விசில், கணபதி வந்தால் தோல் தாஷா மேளம். இதற்காகச் சிலர் ஒயிட் நாய்ஸ் மெஷின் வாங்குகிறார்கள். 2014இல் அப்படி 14 கருவிகளைச் சோதித்ததில் மூன்று, ஒரு அடி தூரத்தில் 85 டெசிபலைத் தாண்டின. வைத்தால் இரண்டு மீட்டர் தள்ளி, சத்தத்தை மிகக் குறைத்து வையுங்கள், தொட்டிலோடு கட்டவே கூடாது. என்னைக் கேட்டால் ஃபேன் சத்தமே போதும்.

அந்தத் திருநெல்வேலிப் பெண் மூன்றாம் வாரத்தில் வெட்கம் விட்டுப் பாட ஆரம்பித்தாள், பக்கத்து இன்குபேட்டரில் ஒரு மராத்தி அம்மா மெல்லிய குரலில் அங்காயி பாடுவாள், அவர்கள் ஊர்த் தாலாட்டு. குழந்தை ஒரு கிலோ 900 கிராமில் வீட்டுக்குப் போனது. பத்து நாள் கழித்து ஃபோன் செய்தாள். சாயங்காலம் சீரியல் நேரத்தில் மாமியாரே டிவியை அணைத்துவிடுகிறாராம், தாய்மாமன் சீர் கொண்டு வரும் வரியெல்லாம் அவருக்குத்தான் தெரியுமாம், தான் ஆராரோவில் நிறுத்திவிட்டால் மாமியார் அங்கிருந்து எடுத்துப் பாடுகிறாராம்.

வணக்கம்.