எந்த ரகம் என்று கேட்டார் ஓர் அம்மா

அனைவருக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை தொடங்கிய புதிதில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "டாக்டர், இதுல பல ரகம் இருக்காமே. எனக்கு வந்திருக்கறது மோசமான ரகமா?" சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இன்று உங்களிடம் பேசப்போவதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ரகங்கள் நிறையவே இருக்கின்றன. எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 என்று இரண்டு பெரும் பிரிவுகள். முதலாவது சிம்பன்சி, கொரில்லா ஆகியவற்றிலிருந்தும், இரண்டாவது மேற்கு ஆப்பிரிக்கக் குரங்கினம் ஒன்றிலிருந்தும், வெவ்வேறு சமயங்களில் மனிதருக்குத் தாவியவை. எச்.ஐ.வி.-1இல் நான்கு குழுக்கள் உண்டு. உலகம் முழுக்கப் பரவியது 'எம்' (M) என்ற குழு. 1920 வாக்கில் காங்கோவின் கின்ஷாசா நகரத்தில் அது பரவத் தொடங்கியிருக்க வேண்டும் என்று மரபணு ஒப்பீடுகள் சொல்கின்றன. அது கிளைத்துக் கிளைத்து ஏ, பி, சி, டி என உள்வகைகள் ஆயின. இரண்டு உள்வகைகள் ஒரே செல்லுக்குள் சந்தித்துக் கலந்த கலப்பு வகைகளே நூற்றுக்கு மேல்.

தொற்றுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பது சி உள்வகை. ஆனால் தொடக்ககால மருந்துகள் பெரும்பாலும் பி உள்வகையை வைத்தே சோதிக்கப்பட்டன. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அதுதான் அதிகம். இது என்னை இன்றும் உறுத்துகிற விஷயம்.

ஏன் இத்தனை ரகங்கள்? தன் மரபணுவை நகலெடுக்க இந்த வைரஸ் பயன்படுத்தும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. சுமார் 9,700 எழுத்துகள் கொண்ட மரபணு அது. சிகிச்சை பெறாத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்கு நூறு கோடிக் கணக்கில் புது வைரஸ்கள் பிறக்கின்றன. எந்த ஓர் எழுத்தை மாற்றினால் ஒரு மருந்திலிருந்து தப்பிக்கலாமோ, அந்த மாற்றம் மருந்து கொடுப்பதற்கு முன்பே எங்கோ ஒரு வைரஸில் நடந்து முடிந்திருக்கும். 1987இல் ஏ.இசட்.டி. தனி மருந்தாக வந்தபோது அது நீண்ட நாள் தாங்காததற்குக் காரணம் இதுதான். 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நோயாளிகள் பிழைத்தார்கள். மூன்றிலிருந்தும் தப்பிக்கும் மாற்றங்கள் ஒரே வைரஸில் ஒன்றாக அமைவது மிக அரிது.

உள்வகை இதில் எங்கே குறுக்கிடுகிறது? ஓர் இடத்தை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அந்த நகலெடுக்கும் நொதியின் 106ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி, இருக்கிறது. அது மெத்தியோனினாக மாறினால் எஃபாவிரென்ஸ், நெவிராபின் என்ற மருந்துகள் இரண்டுமே பலிக்காது. மரபணுவில் மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மெத்தியோனினுக்கான எழுத்துகள் ஏ-யூ-ஜி. பி உள்வகையில் அந்த இடத்தில் வழக்கமாக இருப்பது ஜி-யூ-ஏ. மெத்தியோனினாக வேண்டுமென்றால் இரண்டு எழுத்துகள் மாற வேண்டும். சி உள்வகையில் இருப்பது ஜி-யூ-ஜி. ஓர் எழுத்து மாறினால் போதும்! புரதம் இரண்டிலும் ஒன்றேதான், எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. அந்த ஒரே எழுத்தால்தான் சி உள்வகை உள்ளவர்களிடம் மருந்துக்குக் கட்டுப்படாத இந்த எதிர்ப்பு கூடுதலாகத் தலைகாட்டியது.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்.ஐ.வி.-2ஐயும், எச்.ஐ.வி.-1இன் நான்கு குழுக்களில் ஒன்றான 'ஓ' (O) குழுவையும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். எஃபாவிரென்ஸ் வகை மருந்துகள் எச்.ஐ.வி.-2இல் வேலையே செய்யாது. ஓ குழுவிலும் பெரும்பாலும் அப்படித்தான். தொடக்ககாலப் பரிசோதனைகள் சில, ஓ குழுத் தொற்றைக் கண்டுபிடிக்காமலே விட்டிருக்கின்றன.

இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்து, எல்லா உள்வகைகளிலும் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு எதிர்ப்பு உருவாவதும் எளிதல்ல. ஆனால் உள்வகைப் பேச்சு அதோடு முடிந்துவிடவில்லை. கபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் தாங்கும் ஊசியாகப் போடுகிறார்கள். ரஷ்யாவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் அதிகமுள்ள ஏ6 உள்வகை, வேறு சில காரணங்களோடு சேரும்போது அந்த ஊசி தோற்கும் வாய்ப்பு கூடுகிறது. ஊசி போடுவதற்கு முன் உள்வகை தெரிந்திருந்தால் நல்லது என்கிற நிலைக்கு மறுபடி வந்திருக்கிறோம்.

ஒரு விஷயம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். மருந்து எதிர்ப்பு என்று அறிக்கை வந்ததும், "ஒழுங்கா மாத்திரை போடலையா?" என்று நோயாளியை அதட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தொற்று வரும்போதே எதிர்ப்புள்ள வைரஸ் வந்திருக்கலாம். மருந்தகத்தில் கையிருப்பு தீர்ந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்தே வாழ்கிறவராக இருக்கலாம். அதட்டப்பட்டவர் அடுத்த முறை வரமாட்டார். அவர் உடம்பில் நகலெடுப்பு மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்? "உங்களுக்கு இருக்கறது சி ரகம்மா. நீங்க போடற மாத்திரை அதுக்கு நல்லா கேக்கும். மாத்திரை போடப் போட அது புதுசா பெருகாது, பெருகலேன்னா மாறவும் முடியாது." அவர் அந்தப் பதிலைத் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, மாத்திரையைக் காலையில் போடலாமா இராத்திரி போடலாமா என்று கேட்டார்.