அழுத பிள்ளையும் ஆவணப்படமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, சமூக மன்ற இந்திய நற்பணிச் செயற்குழு நண்பர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு ஒதுங்கியிருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிச் செல்வங்களே, வணக்கம். செயலாளர் அம்மா பொன்னாடையோடு நிற்கிறார். பேசி முடித்ததும் போர்த்துங்கள், இப்போதே வியர்க்கிறது.

அமெரிக்காவில் குடியேற்ற ஆவணம் இல்லாத மாணவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது எப்படி? ஒப்புதல், பணம், படத்தொகுப்பு என மூன்றைப் பற்றிப் பேசுவதாக உத்தேசம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கோ அழவே பயம். ஆவணம் இல்லை என்று இவர்களுக்குப் பள்ளிக் கல்வியை மறுக்கக்கூடாது என 1982இல் 'பிளைலர் எதிர் டோ' வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி வரைக்கும் சரி. அப்புறம்? வேலைக்கு அனுமதி இல்லை, மத்திய அரசின் கல்வி உதவி இல்லை. 2010இல் சிகாகோவில் இளையர்கள் வெளியே வந்து, "ஆவணமும் இல்லை, அச்சமும் இல்லை" என்று முழங்கினார்கள். 2012 ஜூனில் ஒபாமா அரசு 'டாக்கா' திட்டத்தை அறிவித்தது. வங்காளதேசத்து டாக்கா இல்லை ஐயா! நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு, ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை அனுமதி, அவ்வளவுதான். பிள்ளை அழுதது, அரை டம்ளர் பால் கிடைத்தது.

ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை. 2004. அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரம், கார்ல் ஹெய்டன் உயர்நிலைப் பள்ளி. மெக்சிகோவிலிருந்து வந்த நாலு பையன்கள், ஒருவரிடமும் ஆவணம் கிடையாது. நீரடி ரோபோ போட்டிக்குப் போகிறார்கள். பிவிசி குழாயை வாங்கி, அறுத்து, ஒட்டி ஒன்றைச் செய்கிறார்கள். பசை நாற்றம் குடலைப் புரட்டியதால் அதற்குப் பெயரே 'ஸ்டிங்கி', நாத்தம் பிடித்தவன்! போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ப் பார்த்தால், மின்சுற்றுப் பெட்டிக்குள் தண்ணீர் கசிகிறது. பிரித்து மாட்ட நேரமில்லை. தண்ணீரை உறிஞ்ச எதை வைக்கலாம்? பெண்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டேம்பான்! ஒரு பையன் கடைக்குப் போய், கூச்சத்தில் நெளிந்தபடி, அங்கிருந்த ஒரு பெண்மணியிடம் எது நன்றாக உறிஞ்சும் என்று விசாரித்து வாங்கி வருகிறான். பெட்டிக்குள் வைக்கிறார்கள். ரோபோ முங்குகிறது, வேலை செய்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்ஐடி பல்கலைக்கழக அணிக்கு இரண்டாம் இடம். நம் பையன்கள் முதலிடம்! (கைதட்டல்) 2014இல் இது ஆவணப்படமாகவும் வந்தது.

ஒப்புதலுக்கு வருகிறேன். 2012இல் கிடைத்த தைரியத்தில் கேமரா முன் முகம் காட்டிய மாணவியை நினைத்துப் பாருங்கள். 2017 செப்டம்பரில் டிரம்ப் அரசு திட்டத்தையே முடிப்பதாக அறிவிக்கிறது. அவள் முகம் இருக்கும் காட்சி இப்போது அவளுக்கே ஆபத்து. அந்த நடவடிக்கை செல்லாது என 2020இல் தீர்ப்பு வரும்வரை அந்தக் குடும்பம் எப்படித் தூங்கியிருக்கும்? அதனால்தான் ஒப்புதலைப் படம்பிடிக்கும் முன் கேளுங்கள், தொகுத்தபின் கேளுங்கள், திரையிடும் முன்பும் கேளுங்கள் என்கிறேன். வீட்டு எண், கார் எண், பள்ளிச் சின்னம் எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. ஸ்பானிய மொழி மட்டும் தெரிந்த அம்மாவிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால், அது ஒப்புதலா?

சரி, என் பழைய பல்லவிக்கு வந்துவிட்டேன், தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். நம் சிங்கப்பூர் மாணவர்கள் தேக்காவில் ஓர் ஊழியரை உட்காரவைத்துத் தமிழில் பேட்டி எடுக்கிறார்கள். அவர் கையொப்பமிடும் தாள் ஆங்கிலத்தில். படத்தின் அடியில் ஓடும் வரிகளும் ஆங்கிலத்தில். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ் என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம், அந்தத் தாளுக்கு மட்டும் அது வரமாட்டேன் என்கிறது! படங்களுக்கு நிதி தருபவர்கள் தமிழ் ஒப்புதல் தாளையும் தமிழ்த் துணைவரியையும் நிபந்தனையாக்கட்டும், அதற்கான செலவையும் சேர்த்துத் தரட்டும். உறுப்பினர் அவர்கள் முன்வரிசையில் இருப்பதால் கொஞ்சம் சத்தமாகவே அழுகிறேன். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!

பணமும் படத்தொகுப்பும் இன்னொரு நாளைக்கு. தமிழில் ஒரு மாதிரி ஒப்புதல் தாள் எழுதி, பிரதிகளை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பின்வரிசைக்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.