சி கோடு மாறவில்லை, மாட்யூல் ஏன் ஏற மறுக்கிறது?

சரி, அடுத்த கேள்வி. என்ஜின்எக்ஸ் என்பது ஒரு வெப் சர்வர். மாட்யூல் என்பது அதற்குக் கூடுதல் வேலை சொல்லித்தரும் சின்ன நிரல், ஹெட்டர் என்பது பதிலோடு போகும் ஒரு தகவல் வரி, லொக்கேஷன் என்பது கான்ஃபிக் கோப்பில் ஒரு பாதைக்கான பகுதி. கேள்வி கொஞ்சம் நீளமாக இருக்கிறது, சுருக்கிப் படிக்கிறேன். "உபுண்டு 22.04-இல் என்ஜின்எக்ஸுக்குச் சொந்தமாக ஒரு சின்ன மாட்யூல் எழுதி ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட்கிற இடத்தில் பதிலோடு ஒரு ஹெட்டரைச் சேர்ப்பதுதான் அதன் வேலை. சர்வரை 24.04-க்கு மாற்றியதும் 'வெர்ஷன் 1018000 இன்ஸ்டெட் ஆஃப் 1024000' என்று நின்றுவிட்டது. 1.24.0 சோர்ஸை இறக்கி மறுபடி கம்பைல் செய்தேன். இப்போது 'இஸ் நாட் பைனரி கம்பேட்டிபிள்' என்கிறது. என் சி கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. அப்புறம், பழைய சர்வரிலிருந்தே ஒரு சந்தேகம்: ஒரு லொக்கேஷனில் மட்டும்தான் ஆன் செய்தேன், ஹெட்டர் எல்லாப் பக்கத்திலும் வருகிறது. ஏன்?"

இரண்டாவது விஷயத்தில் நானும் விழுந்து எழுந்தவன். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த எண். 1018000 என்பதை 1, 018, 000 என்று பிரித்துப் படியுங்கள். 1.18.0. உபுண்டு 22.04-இல் வருவது அது. 24.04-இல் வருவது 1.24.0. மாட்யூல் கோப்பைத் திறந்ததும் என்ஜின்எக்ஸ் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தாலும் உள்ளே விடாது. நீங்கள் சரியான சோர்ஸை எடுத்துக் கம்பைல் செய்ததால் இந்தக் கதவைத் தாண்டிவிட்டீர்கள். உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது, அதில்தான் இப்போது நிற்கிறீர்கள்.

மாட்யூல் என்றதும் நாம் ஏதோ வெளியிலிருந்து செருகுகிற பிளக் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஏறிய பிறகு அது சர்வரின் உடம்பிலேயே ஓர் உறுப்பு. ஒரே ப்ராசஸ், ஒரே மெமரி. ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் அதன் ஸ்ட்ரக்சருக்கு, அதாவது அதன் விவரங்கள் ஃபீல்டு ஃபீல்டாக அடுக்கியிருக்கிற மெமரிப் பகுதிக்கு, ஒரு பாயின்டரை (அதன் முகவரியை) உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அதில் எந்த ஃபீல்டு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பது கம்பைல் செய்யும்போதே உங்கள் மாட்யூலுக்குள் எண்ணாகப் பதிந்துவிடும். இப்போது என்ஜின்எக்ஸ் சோர்ஸில் இந்த ஸ்ட்ரக்சர்களை வரையறுக்கிற ஹெடர் கோப்புகளைத் திறந்து பாருங்கள் (நீங்கள் பதிலில் சேர்க்கிற ஹெட்டர் வேறு). அந்த ஸ்ட்ரக்சர்களின் நடுநடுவே ஹேஷ்-இஃப் வரிகள் இருக்கும். இந்த வசதியோடு கட்டினால் இந்த ஃபீல்டு உண்டு, இல்லையென்றால் கிடையாது. சர்வரை ஒருவர் ஒரு ஃபீல்டோடு கட்டியிருக்கிறார், நீங்கள் அது இல்லாமல் மாட்யூலைக் கட்டுகிறீர்கள் என்றால், அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே எட்டு பைட் தள்ளிப் போய்விடும். நீங்கள் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவை. அதிர்ஷ்டம் இருந்தால் சர்வர் உடனே செத்துவிழும். இல்லையென்றால் தப்பான இடத்தில் எழுதிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு சிக்னேச்சர் வைக்கிறார்கள். 64-பிட் லினக்ஸில் அது "8,4,8," என்று தொடங்கும். பாயின்டரின் அளவு எட்டு பைட், இன்னும் இரண்டு டைப்களின் அளவு நாலு, எட்டு. அதற்குப் பின்னால் பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு வரிசை. இந்த வசதி உண்டா, அது உண்டா என்பதன் பதில்கள். சர்வர் தன்னுடைய வரிசையையும் உங்களுடையதையும் சாதாரண ஸ்ட்ரிங்காக ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து பிசகினால் நீங்கள் பார்த்த அந்த எர்ரர்.

ஆக, சோர்ஸ் சரி, கம்பைலுக்கு முன் எந்த வசதிகளோடு கட்டுவது என்று தீர்மானிக்கிற கான்ஃபிகர்தான் தப்பு. ஆப்ஷன் எதுவும் இல்லாமல் வெறும் கான்ஃபிகர் மட்டும் ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டெர்மினலில் என்ஜின்எக்ஸ் என்று அடித்து, ஹைஃபன், கேபிடல் வி. சின்ன வி இல்லை, அது வெர்ஷனை மட்டும் காட்டும். கேபிடல் வி போட்டால் அந்த சர்வரை எந்த ஆப்ஷன்களோடு கட்டினார்கள் என்று முழுப் பட்டியலும் வரும். அதில் 'வித்-கம்பேட்' இருக்கிறதா என்று தேடுங்கள். உபுண்டு பேக்கேஜில் இருக்கும். இது 2016-இல் 1.11.5-ஓடு வந்த வசதி. மேலே சொன்ன ஃபீல்டுகளுக்கு, வசதி வேண்டுமோ வேண்டாமோ, ஸ்ட்ரக்சரில் இடம் ஒதுக்கி வைத்துவிடுகிறது. நீங்களும் கான்ஃபிகரில் வித்-கம்பேட் போடுங்கள், கூடவே 'ஆட்-டைனமிக்-மாட்யூல்' போட்டு உங்கள் டைரக்டரியைக் காட்டுங்கள். பிறகு 'மேக் மாட்யூல்ஸ்' போதும், முழு சர்வரையும் கட்ட வேண்டியதில்லை.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசை வரும். பிசிஆர்இ லைப்ரரி (ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனும் எழுத்து வடிவங்களைத் தேட உதவுவது) இல்லை என்று கான்ஃபிகர் திட்டினால், அதைக் கேட்கிற ரீரைட் மாட்யூலே வேண்டாம் என்று ஆப்ஷன் போட்டுத் தாண்டிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அதுவும் சிக்னேச்சரில் ஓர் எழுத்து. லைப்ரரியின் டெவ் பேக்கேஜை (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள் உள்ளதை) போட்டுவிட்டுத் தொடருங்கள்.

இதில் இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி நல்ல பிள்ளை என்றுதான் சொல்வேன். 2.4 வரிசை 2012-இல் வந்தது. அந்த வரிசையில் ஒருமுறை கட்டிய மாட்யூல், பின்னால் வருகிற 2.4 வெர்ஷன்களிலும் ஏறும். என்ஜின்எக்ஸ் அந்த வாக்குறுதியே கொடுப்பதில்லை. ஆனால் குறை சொல்வதற்கு முன் ஒன்று: இகோர் சிசோயெவ் இதை 2004-இல் வெளியிட்டார். ஓடுகிற சர்வரில் மாட்யூலைத் தனிக் கோப்பாக ஏற்றுகிற வசதியே 2016 பிப்ரவரியில், 1.9.11-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் சின்ன ஹெட்டர் சேர்க்கவும் மொத்த சர்வரையும் திரும்பக் கட்ட வேண்டும்.

இப்போது அந்த ஹெட்டர். உங்கள் கோடைப் பார்க்காமலே சொல்கிறேன், மெர்ஜ் ஃபங்ஷனை, அதாவது வெளியே உள்ள செட்டிங்கையும் உள்ளே உள்ளதையும் இணைக்கிற பகுதியை, எழுதாமல் விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு லொக்கேஷனுக்கும் உங்கள் செட்டிங்கிற்கு ஒரு தனிப் பிரதி உருவாகிறது. உருவாகும்போது அதில் 'அன்செட்' போடச் சொல்கிறார்கள். அன்செட் என்பது மைனஸ் ஒன்று. இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். பிறகு மெர்ஜ் ஃபங்ஷன் வந்து, உள்ளே சொல்லியிருக்கிறதா, இல்லையென்றால் வெளியே சொல்லியிருக்கிறதா, அதுவும் இல்லையென்றால் டிஃபால்ட் என்ன என்று பார்த்து நிரப்ப வேண்டும். மெர்ஜ் இல்லையென்றால் அது மைனஸ் ஒன்றாகவே கிடக்கும். உங்கள் கோடு 'இஃப் எனேபிள்' என்று கேட்கிறது. சி மொழியில் பூஜ்யம் இல்லாத எல்லாமே ஆமாம். மைனஸ் ஒன்றும் ஆமாம்!

நான் ஒரு வாடிக்கையாளர் சர்வரில் டீபக் ஹெட்டர் ஒன்றை டெஸ்ட் பாதைக்கு மட்டும் போட்டேன். அது பணம் கட்டுகிற பக்கத்தில் போய் நின்றது. இரண்டு நாள் கான்ஃபிக் கோப்பையே மேலும் கீழும் புரட்டினேன். கடைசியில் லாகில் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் மைனஸ் ஒன்று கண்ணில் பட்டது. இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. அன்செட் போடாமல் பூஜ்யத்தோடு விட்டால், டைரக்டிவை (கான்ஃபிகில் அந்த செட்டிங்கைச் சொல்கிற வரியை) ஒரே ஒருமுறை எழுதியிருந்தாலும் 'இஸ் டூப்ளிகேட்' என்று வரும். ஏற்கெனவே யாரோ ஆஃப் சொல்லிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது.

கான்ஃபிகில் மாட்யூலை ஏற்றச் சொல்லும் லோட்-மாட்யூல் வரி எல்லாவற்றுக்கும் மேலே, ஈவென்ட்ஸ் பிளாக்குக்கும் முன்னால் இருக்கட்டும். புதிய கோப்பை வைக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கிற பழைய கோப்பின் மேல் சிபி (நகலெடுக்கும் கட்டளை) செய்யாதீர்கள், ஓடுகிற ப்ராசஸ்களின் காலடியிலேயே கோப்பு மாறி அவை விழலாம். முதலில் வேறு பெயரில் வைத்து, பிறகு எம்வி (பெயர் மாற்றும் கட்டளை) செய்து பழைய பெயருக்குக் கொண்டுவாருங்கள். என்ஜின்எக்ஸ் கட்டளையோடு ஹைஃபன் சின்ன டி போட்டு ஒருமுறை சோதியுங்கள். அதற்குப் பிறகு ரீலோடு போதாது, அதே பெயரில் இருப்பதால் பழைய மாட்யூலையே பிடித்துக்கொண்டிருக்கும். முழுசாக நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.