ஷாங்காயின் கூச்சப் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு மனச்சோர்வு வருமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஷாங்காய் பள்ளிகள் தந்த பதிலைப் போலத் தெளிவான ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை.

உளவியலாளர் சின்யின் சென்னும் அவருடைய குழுவினரும் 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் அந்நகரத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 1990-இல் கூச்சப்படும் பிள்ளைகளைச் சக மாணவர்களுக்குப் பிடித்திருந்தது. படிப்பிலும் அவர்கள் நன்றாக இருந்தார்கள், வகுப்பில் தலைமைப் பொறுப்பும் அவர்களைத் தேடி வந்தது. அடக்கமும், அடுத்தவர் மனம் நோகாமல் நடப்பதும் சீனாவின் பழைய அறநெறியான கன்பூசிய மரபில் நல்ல வளர்ப்பின் அடையாளம் அல்லவா? 1998-இல் முடிவுகள் கலவையாக வந்தன. 2002-இல் எல்லாம் தலைகீழ். அதே சுபாவமுள்ள பிள்ளைகளை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். பள்ளியில் சிக்கல், மனச்சோர்வு.

பன்னிரண்டே ஆண்டுகளில் பிள்ளைகளின் பிறவிக்குணமா மாறிவிடும்? மாறியது நகரம். சந்தைப் பொருளாதாரம் வேகம் பிடித்தது. ஆயுளுக்கும் வேலை தந்த அரசு ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. தன்னை முன்னிறுத்திப் பேசத் தெரிந்தவருக்கே வாய்ப்பு என்றானது, பள்ளிகளும் அதையே ஊக்குவித்தன. வீட்டில் எதற்காகப் பாராட்டு வாங்கியதோ, அதற்காகவே அந்தப் பிள்ளை வகுப்பில் ஒதுக்கப்பட்டது. நினைத்தாலே எனக்கு வலிக்கிறது.

சீனாவில் பெரியவர்கள் மனச்சோர்வை வெளியே சொல்லாமல் இருந்ததற்கும் காரணம் இருந்தது. 1980-இல் சீனாவின் சாங்ஷா நகரில் ஆர்தர் க்ளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், நரம்புத் தளர்ச்சி என்று சிகிச்சைக்கு வந்த 100 பேரைப் பரிசோதித்தார். 87 பேருக்கு இருந்தது கடும் மனச்சோர்வு. அவர்கள் சொன்னதோ தலைவலி, தூக்கமின்மை. மாவோ காலத்து அரசியல் கொந்தளிப்பான கலாசாரப் புரட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மனக்குறையை வெளியே சொன்னால் அரசியல் குறையாகப் பார்க்கப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். உடம்பு வலியைச் சொல்வதில் ஆபத்து இல்லை.

2009-இல் பெய்ஜிங் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. நகரத்துப் பிள்ளைகளிடம் கூச்சமும் சிக்கலும் சேர்ந்தே இருந்தன. கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளிடம் அப்படி இல்லை. கூச்சமுள்ளவர்கள் நல்லபடியாகவே பழகினார்கள், படித்தார்கள். அதனால்தான், கூச்சத்தை மட்டும் அளந்து மனநோய் ஆபத்தைக் கணிக்கும் வினாத்தாள்களை நான் நம்புவதில்லை. எந்தப் பள்ளி, எப்படிப்பட்ட வீடு என்றும் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.