116 வருஷப் போரும் தொலைந்த என் பர்ஸும்: பிரெஞ்சில் நடந்ததைச் சொல்வது எப்படி?

வணக்கம் மக்களே. பின்னால் ட்ரில்லர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் காலையிலிருந்து சுவரைக் குடைகிறார்கள். அவர்கள் நிறுத்தட்டும் என்று காத்திருந்தால் இந்த வீடியோ வரவே வராது.

சரி. பாரிஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் பர்ஸ் தொலைந்தது. கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன், உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து இறங்கினால் பையில் பர்ஸ் இல்லை. புகார் கொடுக்கப் போனேன். எதிரே இருந்த அதிகாரி கணினியில் கை வைத்துக்கொண்டு, "சொல்லுங்கள்" என்றார். நான் "ஜ பெர்தே மோன் போர்த்தஃபெய்" என்றேன். அவர் தட்டச்சு செய்யவில்லை. "ஏ?" என்றார். அப்புறம்? அவ்வளவுதான் என்றேன். இன்னொரு முறை சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு இப்படி அடிக்கடி நடக்குமா?" என்று கேட்டார்.

பிரெஞ்சில் நடந்து போனதைச் சொல்ல முக்கியமாக இரண்டு வினை வடிவங்கள். நான் சொன்னது ஆம்பர்ஃபே. சொல்லியிருக்க வேண்டியது பாஸே கொம்போஸே: "ஜே பெர்து". தொலைத்துவிட்டேன், முடிந்தது. நான் சொன்னதோ "பர்ஸைத் தொலைத்துக்கொண்டிருந்தேன்" அல்லது "அப்போதெல்லாம் பர்ஸைத் தொலைப்பேன்" என்கிற மாதிரி. பாவம், அவர் மீதிக் கதைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சின்னதாக நடந்தால் பாஸே கொம்போஸே, நீளமாக நடந்தால் ஆம்பர்ஃபே என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாற்பது நிமிடத்தில் எப்போது போனதென்றே தெரியாது, நீளமான சமாச்சாரம்தானே என்று நினைத்துவிட்டேன். இந்த நீளக் கணக்கைத்தான் முதலில் மறக்க வேண்டும். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர் 1337-ல் தொடங்கி 1453-ல் முடிந்தது. 116 வருஷம். அது நீடித்தது என்பதற்கு "ஆ த்யுரே" என்று பாஸே கொம்போஸேதான் போடுவார்கள். "அப்போது மணி எட்டு" என்பதோ ஒரு நொடி. அதற்கு "இல் எதே உய்த் ஏர்", ஆம்பர்ஃபே. 116 வருஷத்துக்கு அது, ஒரு நொடிக்கு இது. ஸ்ட்ராஸ்பூரில் மூன்று வருஷம் இருந்தேன் என்று எண்ணிச் சொன்னாலும் "ஜே அபித்தே". ஆரம்பமும் முடிவும் சேர்த்து மூட்டை கட்டியாயிற்று, அதனால்.

அப்படியென்றால் ஆம்பர்ஃபே எதற்கு? இதற்கு நம் தமிழிலேயே ஒரு பிடி இருக்கிறது. தாத்தாவைப் பற்றி எப்படிச் சொல்வோம்? "தாத்தா தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார். கிணற்றடியில் குளிப்பார். ரேடியோவைப் போடுவார். ஒருநாள் எழுந்திருக்கவில்லை." கவனித்தீர்களா? எழுந்திருப்பார், குளிப்பார், போடுவார் எல்லாம் இலக்கணப் புத்தகத்தில் எதிர்காலம். தாத்தா போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், நாம் எதிர்கால வினையில் பேசுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. அந்த "-பார்", "-வார்" வருகிற இடமெல்லாம் பிரெஞ்சில் ஆம்பர்ஃபே: "இல் ஸ லவே". "ஒருநாள் எழுந்திருக்கவில்லை" என்ற இடத்தில் வினை மாறுகிறதே, அங்கே அவர்களும் மாறுவார்கள்: "அன் ஜூர், இல் ந ஸே பா லவே". எனக்கு இந்தத் தாத்தா வாக்கியம் கிடைத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதுவரை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். வீண் சுற்று.

நமக்கு "-கொண்டிருந்தேன்" ஒன்று, பழக்கத்துக்கு "-வேன்" ஒன்று, நிலைக்கு "இருந்தது" ஒன்று. மூன்றையும் அவர்கள் ஒரே ஆம்பர்ஃபேயில் அடைக்கிறார்கள்.

இப்போது கதை சொல்லிப் பார்ப்போம். "இல் ப்லவே." மழை பெய்துகொண்டிருந்தது. "ஜாத்தாந்தே ல பூஸ்." பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "ஜாவே ஃப்ருவா." குளிராக இருந்தது. மூன்று வாக்கியம் ஆயிற்று, கடிகாரம் ஒரு நொடிகூட நகரவில்லை. கேட்பவர் "உம்" கொட்டிக்கொண்டு நிற்கிறார். "அன்னோம் எதாரிவே." ஒருத்தர் வந்தார். இப்போது நகர்ந்தது. முதல் மூன்றையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்குங்கள், கதை கெடாது. ஆனால் "விழுந்தான், கத்தினான்" என்பதை "கத்தினான், விழுந்தான்" என்று மாற்றினால் வேறு கதை ஆகிவிடும். மாற்றி அடுக்கினால் கதை மாறுகிறதா? அப்போது பாஸே கொம்போஸே. ஹரால்ட் வைன்ரிஹ் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1964-ல் எழுதியதும் கிட்டத்தட்ட இதே பேச்சு: கதையில் முன்னால் நகர்வதற்கு ஒரு வினை, பின்னால் திரையாகத் தொங்குவதற்கு ஒரு வினை. அந்த அதிகாரியிடம் நான் வெறும் திரையை மட்டும் தொங்கவிட்டேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். "கான் இலேதாரிவே", அவர் வந்தபோது. இதற்குப் பின்னால் "ஓன் மான்ஜே" என்று ஆம்பர்ஃபேயில் சொன்னால், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவரும் தட்டை எடுத்துக்கொள்ளலாம். "ஓன் ஆ மான்ஜே" என்றால், அவர் வந்த பிறகு சாப்பிட்டோம், மரியாதையான குடும்பம். "ஓன் ஆவே மான்ஜே" என்றால் ப்ளு-க-பார்ஃபே, முன்னமே சாப்பிட்டு முடித்தாயிற்று, அவருக்குக் காப்பிதான். கடைசியில் "மான்ஜே" மூன்றிலும் ஒன்று போலவே காதில் விழும். நடுவில் வருகிற ஆ, ஆவே இரண்டில்தான் அவர் வயிறு இருக்கிறது.

இந்தக் காது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஜே பார்லே", "ஜ பார்லே". பேசினேன், பேசிக்கொண்டிருந்தேன். கடைசி "லே" பாரிஸ்காரர் வாயில் லேசாக வேறுபடும். தெற்கே பலருக்கு அதுவும் கிடையாது. அதனால் முன்னால் வருவது ஜேயா ஜவா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவசரத்தில் அந்த ஜேயை விழுங்கினால் என் பர்ஸ் கதைதான்.

சில வினைகளில் அர்த்தமே திரும்பிவிடும். "ஜ சாவே" என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. "ஜே சு" என்றால் தெரியவந்தது, அந்த நேரத்தில்தான். யாராவது உங்களிடம் கோபமாக இருக்கும்போது இந்த இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

நாவலில் இன்னொன்று வரும், பாஸே சாம்பிள்: "இல் வான்", வந்தான். வாசிக்கத் தெரிந்தால் போதும், பேசினால் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் பேச்சிலும் இருந்தது. 1660-ல் வந்த "போர் ரொயால்" என்ற பிரெஞ்சு இலக்கண நூல், இன்று காலையில் நடந்ததற்கு இதைப் போடக்கூடாது, குறைந்தது ஒரு நாளாவது தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இன்று பேச்சில் எல்லாவற்றையும் பாஸே கொம்போஸே விழுங்கிவிட்டது. எழுத்திலும் 1942-ல் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யூ தன் "அந்நியன்" நாவலைப் பாஸே கொம்போஸேயில்தான் எழுதினார். நாவலுக்கு அது அப்போது வழக்கமில்லாத வேலை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் தப்பு. செய்தித்தாளில் "1885-ல் விக்டர் ஹ்யூகோ காலமானார்" என்பதை "மூரே" என்று ஆம்பர்ஃபேயில் எழுதுவார்கள். இறப்பது ஒருமுறைதானே, இதென்ன அநியாயம் என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. அது எழுதுபவர்களின் ஜோடனை, நடந்த விஷயத்தைப் படம் மாதிரி நிறுத்திக் காட்டுவது. பரீட்சையில் செய்து பார்க்காதீர்கள்.

ட்ரில்லர் நின்றுவிட்டது. நானும் நிறுத்துகிறேன்.

பர்ஸ் கிடைத்ததா என்று கேட்பீர்கள். "ஓன் லா ரத்ரூவே. இல் எதே வீத்." கண்டெடுத்தார்கள். காலியாக இருந்தது.