சூஸ்தாலில் ஒரு நாள்: நீலக் குவிமாடங்களும் ஒரு சின்னச் சட்டையும்

வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் நிற்பது ரஷ்யாவில், சூஸ்தால் என்கிற ஊரில், காமென்கா ஆற்றங்கரையில். மாஸ்கோவிலிருந்து விளாதிமிர் வரை ரயில், அங்கிருந்து பஸ். சூஸ்தாலுக்கு ரயிலே கிடையாது. 1862-இல் மாஸ்கோவிலிருந்து நீஷ்னி நோவ்கொரோதுக்கு ரயில் பாதை போட்டபோது அது விளாதிமிர் வழியாகப் போய்விட்டது. அதனால் இந்த ஊருக்குத் தொழிற்சாலைகளும் பெரிதாக வரவில்லை. இன்றைக்குச் சுமார் பத்தாயிரம் பேர் வாழ்கிற சின்ன ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குவிமாடம், ஒரு மணிக்கூண்டு, நடுவில் வெள்ளரிக்காய்த் தோட்டம்.

முதலில் இந்த ஊர்க் கிரெம்ளினுக்குள், அதாவது பழைய கோட்டைக்குள் போனேன். தங்க நட்சத்திரம் பதித்த நீலக் குவிமாடங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அந்தத் தேவாலயம்தான். 1222 முதல் 1225 வரை கட்டியது. மேல்பாதி 1500-களில் செங்கல்லில் திரும்பக் கட்டப்பட்டது. குவிமாடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள், அதன் கதவுகளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். செப்புத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு பூசி, அதை ஊசியால் கீறிப் படம் வரைந்து, கீறிய இடத்தில் பாதரசத்தில் கரைத்த தங்கத்தைத் தடவிச் சூடு காட்டுவார்களாம். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் மட்டும் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். 13-ஆம் நூற்றாண்டு வேலை. இருட்டில் யாரோ தங்க நூலால் தைத்த மாதிரி இருக்கிறது!

கடைவீதிப் பக்கம் இரண்டு தேவாலயங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன: லாசரஸ் பெயரில் ஒன்று, 1667, அந்தீப்பி பெயரில் இன்னொன்று, 1745. எதற்கு இரண்டு என்று யோசித்தேன். உயரமாக இருப்பது கோடைக்கு. குளிர்காலத்தில் அவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற குட்டையானது அடுப்பு மூட்டி வழிபடுகிற குளிர்காலத் தேவாலயம். ஊர் முழுக்க இந்த ஜோடிகள்தான். இது தெரிந்த பிறகு, உயரமான ஒன்றைக் கண்டதும் அதன் ஜோடி எங்கே என்று கண் தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் வடக்கே நடந்து ஸ்பாசோ-எவ்ஃபிமியெவ் மடம். 1352-இல் தொடங்கிய ஆண் துறவிகள் மடம், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் கோட்டையேதான்: சிவப்பு மதில் ஒரு கிலோமீட்டருக்கு மேல், 12 கோபுரங்கள். 1612-இல் போலந்துப் படையிடமிருந்து மாஸ்கோவை மீட்ட பழார்ஸ்கி இளவரசர் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1766-இல் கேத்தரின் அரசி இதற்குள் ஒரு சிறையும் வைத்தார். ஸ்டாலின்கிராதில் பிடிபட்ட ஜெர்மன் தளபதி பௌலஸைக்கூட 1943-இல் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் உள்ளே இருந்தபோது மணி அடித்தார்கள். இங்கே மணியை ஆட்டுவதில்லை, உள்ளே தொங்குகிற நாக்கைத்தான் கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஒரே ஆள், இரண்டு கையிலும் கயிறு, காலுக்கும் ஒரு கயிறு. சின்ன மணிகள் படபடவென்று பேச, பெரிய மணி நிதானமாக ஒரு அடி. அந்த அடி காதுக்கு முன்னால் நெஞ்சுக்குக் கேட்கிறது.

சரி, நான் இந்த வீடியோ எடுக்கக் காரணமே அடுத்த இடம்தான். மடத்தின் பின்பக்க மேட்டில் நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாழ்வில் வெள்ளை மதிலோடு தெரிகிறது பாருங்கள், அது பக்ரோவ்ஸ்கி கன்னியர் மடம், 1364. அங்கே இருக்கிற பெரிய தேவாலயம் மாஸ்கோ மன்னர் மூன்றாம் வசீலி கொடுத்த பணத்தில் எழுந்தது. அவருடைய மனைவி சலமோனியா. கல்யாணமாகி இருபது வருஷம் பிள்ளை இல்லை. 1525-இல் அந்த மனைவியைக் கட்டாயமாகத் துறவியாக்கி, தான் பணம் கொடுத்த அதே மடத்துக்கு அனுப்பிவிட்டு இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்தில் பிறந்தவர்தான் இவான், பயங்கர இவான் என்று பிற்பாடு பெயர் வாங்கியவர்.

சலமோனியா இங்கே வந்த பிறகு ஒரு ஆண் குழந்தை பெற்றாள், அதைக் காப்பாற்ற இறந்துவிட்டதாகச் சொல்லி மறைத்துவிட்டாள் என்று ஒரு கதை காலங்காலமாக இருந்தது. 1934-இல் அவள் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கல்லறையைத் திறந்தார்கள். எலும்பு இல்லை. நைந்துபோன துணிப் பொதி, அதில் முத்து வைத்துத் தைத்த ஒரு குழந்தைச் சட்டை. குழந்தை பிறந்ததா இல்லையா என்பதை அதை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் யாரோ உட்கார்ந்து அந்த முத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்திருக்கிறார்கள் இல்லையா, அதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1698-இல் ரஷ்ய மன்னர் மகா பீட்டரும் தன் முதல் மனைவி எவ்தோக்கியாவை இதே மதிலுக்குள்தான் அனுப்பினார்.

மேட்டிலிருந்து இறங்கி, ஆற்றைத் தாண்டி வந்துவிட்டேன். இப்போதும் இங்கே கன்னியாஸ்திரீகள் வாழ்கிறார்கள். பூச்செடிக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், அவரைப் படம் பிடிக்க மனசு வரவில்லை. மாலை வழிபாட்டுக்கு மணி அடித்துவிட்டது. நம் ஊர்த் தேவாலயங்களில் போடுகிற மாதிரியே முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போகிறேன். பெஞ்சு கிடையாது, நின்றேதான் ஜெபம். சலமோனியாவை அடக்கம் செய்தது இந்தத் தேவாலயத்துக்குக் கீழேதான், அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைக்க வேண்டும். கேமராவை இங்கேயே நிறுத்துகிறேன்.