கடிகாரத்தைப் பார்த்த அக்கா

தருமபுரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். 16 வருடமாக எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், பாடம் நடத்துகிறேன், விடைத்தாள் திருத்துகிறேன்.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு இ.இ.ஜி. பரிசோதனை. வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் அக்காவுக்குப் பணி நிறைவு. இரண்டையும் என்னால் பிரித்துப் பேச முடியாது.

இ.இ.ஜி. என்றதும் தலையில் கரண்ட் வைப்பார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உள்ளே எதுவும் போகாது. மூளையில் தானாக ஓடுகிற மின்சாரத்தை இயந்திரம் கோடுகளாக எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். டார்ச் லைட் பேட்டரி ஒன்றரை வோல்ட். இதுவோ ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் சில பத்துப் பங்கு. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர்தான் மனிதத் தலையிலிருந்து இதை முதலில் பதிவு செய்தவர்.

முதல் நாள் இரவு நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தூக்கம் குறைந்தால் வலிப்பு வரலாம் என்பதால் தனியாகவும் போகக் கூடாது. அக்கா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். சேலம் பஸ்ஸில் என் கண் சொருகும்போதெல்லாம் முழங்கையால் இடித்தார். "தூங்காதீங்க டீச்சர், இன்னும் தொப்பூரே தாண்டலை."

எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டுப் போக வேண்டும். டேப் வைத்து மண்டையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி இருபது ஒயர் போல ஒட்டினார்கள். கண்ணை மூடு, திற என்றார்கள். மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். விரல் நுனியெல்லாம் மரத்தது. பளிச் பளிச்சென்று ஒரு விளக்கு. அப்புறம் தூங்கச் சொன்னார்கள், தூங்கினேன். வலி துளியும் இல்லை.

ரிப்போர்ட் நார்மல். ஆனால் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த அரை மணி நேரத்தில் கோளாறு தலைகாட்டவில்லை, அவ்வளவுதான். டாக்டர் கேட்டது வேறு. "கடைசியாக வந்தபோது யார் பார்த்தது? எப்படி ஆரம்பித்தது?" எனக்கு என்ன தெரியும்? கண் விழித்தபின் நடந்ததுதான் எனக்குத் தெரியும்.

அக்கா பர்ஸிலிருந்து நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். அதன் பின்பக்கம் எழுதியிருந்தது: "9.42. முதல்ல இடது கை இழுத்தது. தலை இடது பக்கம் திரும்பிச்சு. 9.44 நின்னது. பத்து நிமிசம் பேச்சு குழறல்." டாக்டர் இரண்டு தடவை படித்தார். இடது கையில் தொடங்கினால் மூளையின் வலது பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தத் தாளை என் ஃபைலிலேயே குத்தி வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் இரும்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் பத்துப் பேர் சாவி தேடுகிறார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி தேடிக் கையில் திணிக்கவும் அது நிற்கவும் சரியாக இருக்கும். பெயர் சாவிக்குப் போகிறது! தேடிய அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை யாரும் செய்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், சோடா வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மறுபடியும் சொல்கிறேன், சாவியைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். என் அக்கா எட்டாம் வகுப்புதான் படித்தவர். நான் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தேன், பதினோரு வருடம் அப்படியே செய்தார்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை 1999இல் நீக்கிவிட்டார்கள், பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டையும் விரிவாக எழுதிக்கொண்டு வந்தேன், சரி, போகட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து அக்காவை வேனில் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பேசச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. விழாவுக்கு முன்னால் அவர் புதிதாக வந்திருக்கிற பி.டி. டீச்சரை ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிவந்து, என்னைப் பெஞ்சில் படுக்க வைத்து, எப்படி ஒருக்களிக்க வேண்டும் என்று மூன்று முறை செய்து காட்டினார். அப்புறம் நாள்காட்டி ஆணியில் நூல் கட்டி ஒரு பென்சிலைத் தொங்கவிட்டார். "நேரத்தை உடனே எழுதிடணும்மா, அப்புறம்னா மறந்துடும்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் மேடைக்கு வந்தார்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.